கூடி எழுதும் ஏடும் தமிழாசிரியர் கடமையும்

கருவி மாறும்போதெல்லாம் கல்வியும் மாறிவிட்டதாக மகிழ்ந்துகொள்வது கற்றோரிடையே நெடுநாளைய வழக்கம். ஓலைச்சுவடி போய் அச்சுப் புத்தகம் வந்தது. மணலில் விரல்கொண்டு எழுதிய காலம் போய்க் கற்பலகை வந்தது. கற்பலகை போய்க் கோடிட்ட பயிற்சிப் புத்தகம் வந்தது. இன்று கணினித் திரை வந்திருக்கிறது. இவ்வளவு மாறியும் மாறாத ஒன்று உண்டு. மாணவன் தனியே அமர்ந்து எழுதுகிறான். ஆசிரியர் ஒருவரின் கண்ணுக்காகவே எழுதுகிறான். அவர் சிவப்பு மையால் சுழிக்கிறார், மதிப்பெண் இடுகிறார். அந்த எழுத்தின் வாழ்வு அத்துடன் முடிந்துபோகிறது. ஆண்டு முடிந்ததும் அப்புத்தகம் பழைய தாளாக எடைக்குப் போகிறது. தொடக்கப்பள்ளியை முடிப்பதற்குள் ஒரு பிள்ளை எழுதிக் குவிக்கும் பக்கங்களில் ஒன்றேனும் இன்னொரு பிள்ளைக்குப் பயன்பட்டதுண்டா? எவரேனும் அதனைப் படித்து, இதுவரை தெரியாத செய்தி ஒன்றை அறிந்துகொண்டோம் என்று மகிழ்ந்ததுண்டா?

இந்த வழக்கத்தை உடைக்கும் ஆற்றலுடைய கருவி ஒன்று கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகில் இருந்துவருகிறது. பலர் கூடி ஒரே பக்கத்தை எழுதவும், திருத்தவும், அதுபற்றி வாதாடவும் இடந்தரும் இணையத்தளமே அது. அதனைத் தமிழ் வகுப்பறைக்குள் கொண்டுவரும் பொறுப்பு ஆசிரியருடையது. அப்பொறுப்பை நிறைவேற்றுவதற்கென அவருக்கு அளிக்கப்படும் பயிற்சியோ, பொத்தான்களைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. கூடி எழுதும் பழக்கத்தை அவரிடம் அது உண்டாக்குவதில்லை. தாம் ஒருநாளும் பிறரோடு கூடி எழுதாத ஆசிரியர், தம் மாணவரைக் கூடி எழுதச் சொல்வது எங்ஙனம்? இக்குறை நீங்கும்வரை எத்தனை கணினிகள் வந்து இறங்கினாலும் தமிழ்க்கல்வி ஓரடியும் முன்னேறப் போவதில்லை.

கருவியின் இயல்பு

1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், வார்ட் கன்னிங்காம் என்னும் அமெரிக்க நிரலாளர், தம் தொழில்துறையினர் கருத்துப் பகிர்ந்துகொள்வதற்கென ஓர் இணையத்தளத்தைத் திறந்தார். படிக்க வருவோர் எவரும் அதன் பக்கங்களைத் திருத்தலாம் என்பதே அதன் விதி. விரைவு என்னும் பொருள்தரும் ஹவாய் மொழிச் சொல்லாகிய 'விக்கி' என்பதை அதற்குப் பெயராக இட்டார். அந்த விதியின்மீது கட்டப்பட்டதே 2001ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தோன்றிய விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம். தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் பிறந்தது. 2017ஆம் ஆண்டில் ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. ஊதியம் எதிர்பாராத தன்னார்வலர்களின் உழைப்பே அதனை அவ்வளவுக்கு வளர்த்தது. அவ்வாண்டில் தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்கள் பலரும் பயிற்சி பெற்று அதில் கட்டுரை எழுதினர் என்பது இங்குக் கருதத்தக்கது.

இத்தகைய தளத்தின் சிறப்பு அதன் பளபளப்பில் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் இரண்டு பக்கங்கள் மறைந்து நிற்கின்றன. ஒன்று 'வரலாறு'. யார், எந்நாளில், எந்தச் சொல்லைச் சேர்த்தார், எதனை நீக்கினார் என்பதை அது எழுத்தெழுத்தாகக் காட்டும். தவறு நேர்ந்தால் பழைய வடிவத்தை ஒரு நொடியில் மீட்கலாம். மற்றொன்று 'உரையாடல்'. ஏன் திருத்தினீர், ஆதாரம் யாது, இச்சொல் தகுமா, அச்சொல் தகுமா என்று எழுதுவோர் தம்முள் வழக்காடும் இடம் அது. புதியவர் அஞ்சாமல் எழுதிப் பழகுவதற்கென 'மணல்தொட்டி' என்னும் பயிற்சிப் பக்கமும் உண்டு. மணலில் எழுதிப் பழகிய இனத்திற்கு அப்பெயர் எத்துணைப் பொருத்தமுடையது!

பயிற்சிப் புத்தகத்தில் இல்லாதவை இவ்விரண்டுமே. பயிற்சிப் புத்தகம் முடிவை மட்டுமே காட்டும், முயற்சியைக் காட்டாது. ஆசிரியரின் தீர்ப்பு அதில் உண்டு. மாணவரின் வாதத்திற்கு அதில் இடமில்லை.

மரபுக்குப் புறம்பானதா?

"இதெல்லாம் மேனாட்டார் கண்டது, தமிழ்க்கல்விக்கு ஒவ்வாது" என்போர் சிலர் உளர். அவர்கள் இந்நாடுகளின் தமிழ் எழுத்து வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

1950ஆம் ஆண்டில் தமிழ் நேசன் நாளிதழ், சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரைக்கொண்டு கதை வகுப்பு நடத்தியது. படித்துவிட்டு மடித்துவைக்கும் வாசகனை எழுதச் செய்து, அவன் எழுத்தை ஆராய்ந்து, குறையும் நிறையும் கூறி, எழுத்தாளனாக்க முயன்றது அவ்வகுப்பு. மலாயாத் தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சியில் அதற்குள்ள பங்கை இலக்கிய வரலாறு எழுதுவோர் எவரும் விட்டுவிடுவதில்லை. அதே பத்தாண்டில் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம், பள்ளிப் பிள்ளைகளின் எழுத்தை ஊரறிய அச்சிட்டு, ஒரு தலைமுறையையே எழுத வைத்தது. தோட்டப் பள்ளிகளிலும் நகரப் படிப்பகங்களிலும் கையெழுத்து ஏடுகள் உலவின. ஒருவர் எழுத, மற்றொருவர் படம் வரைய, மூன்றாமவர் பிழை திருத்த, ஒரே படி பலர் கைமாறிக் கிழிந்து போகும்வரை படிக்கப்பட்டது. கூடி எழுதுதல் என்பது இதுவன்றோ? அன்று தாளில் நிகழ்ந்தது இன்று திரையில் நிகழ்கிறது. வேறுபாடு அவ்வளவே.

இனி, இணையத்தில் தமிழ் ஏறிய கதையும் ஆசிரியரோடு பிணைந்ததே. சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டிலேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டிய முன்னோடி நா. கோவிந்தசாமி, தொழிலால் ஆசிரியர். படைப்பால் சிறுகதை எழுத்தாளர். மலேசியாவில் 1980களில் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய முத்து நெடுமாறன் ஆசிரியர் இல்லத்தில் பிறந்தவர். அவர் தந்தையார் முரசு நெடுமாறன், வகுப்பறையில் தமிழ் கற்பித்தவர். மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்தவர். தமிழாசிரியரும் தமிழாசிரியர் மரபினரும் வழியமைத்துக் கொடுத்த இணையத்தில், இன்றைய தமிழாசிரியர் விருந்தினரைப் போல் வாயிலில் நிற்பது முறையா?

பயிற்சியின் பிழை

ஆசிரியருக்கு அளிக்கப்படும் பயிற்சி பெரும்பாலும் எவ்வாறு நடைபெறுகிறது? ஒரு மண்டபத்தில் நூறு பேர் அமர்கின்றனர். முன்னே ஒருவர் நின்று, இங்கே அழுத்துங்கள், அங்கே அழுத்துங்கள், கடவுச்சொல்லை இடுங்கள் என்கிறார். பிற்பகலில் சான்றிதழ் வழங்கப்படுகிறது. படம் எடுக்கப்படுகிறது. மறுநாள் ஆசிரியர் வகுப்புக்குத் திரும்புகிறார். சான்றிதழ் கோப்புக்குள் போகிறது. அந்த ஒரு நாளில் அவர் ஒரு பத்தியையேனும் மற்றோர் ஆசிரியரோடு சேர்ந்து எழுதினாரா? அவர் எழுதிய சொற்றொடரை வேறொருவர் திருத்தினாரா? அத்திருத்தத்தை ஏற்றாரா, மறுத்தாரா? மறுத்தாராயின் காரணம் எழுதினாரா? இவற்றுள் ஒன்றும் நிகழவில்லையெனில், அவர் கற்றது யாது? கதவைத் திறக்கக் கற்றார். வீட்டில் குடியிருக்கக் கற்கவில்லை.

மலேசியாவின் பட்டறிவே இதற்குச் சான்று. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம், ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணையத்தால் பிணைத்து, அவற்றுக்கு மெய்ந்நிகர் கற்றல் தளம் ஒன்றையும் வழங்க முற்பட்டது. பெரும்பொருள் செலவாயிற்று. தளமும் வந்தது, அடையாளப் பெயரும் கடவுச்சொல்லும் வந்தன. 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையோ, ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகிய மூவகையாரிடத்தும் அதன் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று காட்டியது. 2019ஆம் ஆண்டில் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. இணைய இணைப்பின் குறைபாடு ஒரு காரணம் என்பது மெய்யே. ஆயினும் இணைப்பு நன்றாக இருந்த இடங்களிலும், நுழைந்தவர் தொகையை எண்ணிக் கணக்குக் காட்டுவதே தளத்தைப் பயன்படுத்துவது என்று கருதப்பட்டால், அங்கே எழுத்து எவ்வாறு வளரும்?

அடுத்து வந்தது 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று. மலேசியாவில் மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. சிங்கப்பூரில் ஏப்ரல் 8ஆம் நாள் முதல் எல்லா மாணவரும் வீட்டிலிருந்தே கற்றனர். ஆசிரியர் பெருமக்கள் இரவு பகல் பாராது உழைத்தனர் என்பதை எவரும் மறுத்தற்கில்லை. ஆனால் அவ்வுழைப்பு எவ்வழியிற் சென்றது? பிள்ளை பயிற்சிப் புத்தகத்தில் எழுதியதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் வழியே அனுப்ப, ஆசிரியர் கைப்பேசியின் சிறிய திரையில் அதனை உற்று நோக்கித் திருத்தித் திருப்பி அனுப்பினார். சிவப்பு மை திரைக்கு இடம்பெயர்ந்தது, அவ்வளவே. முப்பது பிள்ளைகள் தனித்தனியே அதே பிழையைச் செய்தனர். ஆசிரியர் முப்பது முறை அதே திருத்தத்தைச் செய்தார். எல்லாரும் ஒரே பக்கத்தில் கூடியிருந்தால், அப்பிழை ஒருமுறை திருத்தப்பட்டிருக்கும். முப்பது பேரும் அதைக் கண்டிருப்பர்.

வேறொரு குறையையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். தமிழாசிரியர் சிலர் தம்முள் செய்தி அனுப்பும்போது தமிழை ரோமன் எழுத்தில் எழுதுகின்றனர். அஞ்சல் விசைமுறையும் தமிழ் 99 விசைமுறையும் கைப்பேசிக்குள்ளேயே இருக்கின்றன. சில நாள் பழகினால் விரல் தானே ஓடும். அதற்கும் மனமில்லாதவர், தமிழில் தட்டெழுது என்று மாணவனிடம் எந்த உரிமையில் கூறுவார்?

வகுப்பறையில் நிகழக்கூடியது

கூடி எழுதுதல் எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பேராக்கிலோ கெடாவிலோ உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு வகுப்பை எண்ணிப் பார்க்க. பள்ளியைச் சூழ்ந்திருந்த இரப்பர்த் தோட்டம் செம்பனைக்கோ வீடமைப்புக்கோ இடங்கொடுத்து மறைந்துவிட்டது. பிள்ளைகளின் தாத்தா பாட்டிமார் இன்னும் இருக்கின்றனர். ஆசிரியர் ஒரு பக்கத்தைத் திறந்து, தோட்டத்துச் சொற்கள் என்று தலைப்பிடுகிறார். மங்கு, உளி, லயம், பெரட்டு, ஆயக்கொட்டகை, கங்காணி, கிராணி என்று சில சொற்களை மட்டும் வரிசையாக எழுதி நிறுத்திக்கொள்கிறார். வகுப்பு நான்கு குழுக்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு குழுவும் தன் பங்கிலுள்ள சொற்களின் பொருளை வீட்டு முதியவரிடம் கேட்டு எழுதிவர வேண்டும்.

அடுத்த வாரம் பக்கம் நிறைகிறது. அத்துடன் சண்டையும் தொடங்குகிறது. மங்கு என்பது பால் வடியும் கிண்ணம் என்று ஒரு பிள்ளை எழுத, சோறுண்ணும் தட்டையும் பாட்டி அப்படித்தான் சொல்கிறார் என்று இன்னொரு பிள்ளை எழுதுகிறது. பெரட்டு என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருவன் கேட்கிறான்; எவருக்கும் விடை தெரியவில்லை. ஆசிரியர் உடனே தீர்ப்புக் கூறாமல், யார் சொன்னார், எந்தத் தோட்டத்தில் வழங்கியது என்று எழுதுமாறு கூறுகிறார். பிள்ளைகள் மீண்டும் முதியவரிடம் ஓடுகின்றனர். ஒருவன் ஆயக்கொட்டகையை 'ஆயாக்கொட்டகை' என்று எழுதிவைக்க, மற்றொருத்தி அதனைத் திருத்திவிட்டு, வழக்கில் உள்ளவாறு எழுத வேண்டும் என்று உரையாடல் பக்கத்தில் காரணம் காட்டுகிறாள். பத்து வயதுப் பிள்ளை ஆதாரம் கேட்கிறது, மறுப்புரை எழுதுகிறது, தன் எழுத்துத் திருத்தப்பட்டால் முகம் கோணாமல் ஏற்கப் பழகுகிறது. எந்த இலக்கணப் பாடம் இத்தனையும் ஒருங்கே கற்பிக்கும்?

சிங்கப்பூரிலும் இதற்கு இடமுண்டு. தேக்கா என்னும் பெயர் ஹொக்கியன் மொழியில் மூங்கிலோடு தொடர்புடையது என்பதை அங்காடிக்கு நாள்தோறும் செல்லும் எத்தனை பிள்ளைகள் அறிவர்? ஓர் உயர்நிலைப்பள்ளி வகுப்பு, அவ்வட்டாரத்துத் தெருப்பெயர்களைப் பகிர்ந்துகொண்டு ஒரு பக்கத்தை உருவாக்கலாம். 2018ஆம் ஆண்டில் எல்லாப் பள்ளிகளுக்கும் மாணவர் கற்றல் தளம் கிடைத்தது. 2021ஆம் ஆண்டில் உயர்நிலை மாணவர் அனைவருக்கும் கற்றல் கருவி சென்று சேர்வதென்று திட்டமிடப்பட்டு நிறைவேறியது. கருவிக்குக் குறைவில்லை. குறைவது தமிழ் புழங்கும் இடமே. வீட்டில் ஆங்கிலமே மிகுதியாகப் பேசும் இந்தியக் குடும்பங்கள் பெருகிவிட்டதை 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பு காட்டியது. அத்தகைய வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குத் தமிழில் எழுதுவதற்கு மெய்யான காரணம் ஒன்று வேண்டும். மதிப்பெண் அக்காரணமாகாது. தன்னை ஒத்தவர் தன் வரியைப் படித்து விடை எழுதக் காத்திருக்கின்றனர் என்னும் உணர்வே காரணமாகும்.

தடைகளும் விடைகளும்

முதல் தடை, நேரமில்லை என்பது. தேர்வுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தவே காலம் போதவில்லை என்று மலேசிய ஆசிரியர் நெடுங்காலம் கூறிவந்தனர். 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. 2022ஆம் ஆண்டில் பி.டி.3 தேர்வும் அகற்றப்பட்டது. வகுப்பறை மதிப்பீடு முன்னுக்கு வந்தது. ஒரு பிள்ளையின் வளர்ச்சியைப் படிப்படியாகக் கண்டறிய வேண்டும் என்பதே வகுப்பறை மதிப்பீட்டின் நோக்கம். அவ்வளர்ச்சியை நாள்வாரியாகப் பதிந்துவைக்கும் வரலாற்றுப் பக்கத்தைவிடச் சிறந்த சான்று வேறென்ன உண்டு? தேர்வு போன பின்னும் தேர்வுக்கால அச்சம் மட்டும் போகாதிருப்பது, விலங்கு அவிழ்ந்த பின்னும் கைகளைச் சேர்த்தே வைத்துக்கொள்வதை ஒக்கும்.

இரண்டாம் தடை, பிழை மலிந்த தமிழ் ஊரறிய வெளிப்பட்டுவிடும் என்பது. இவ்வச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அதற்கு வழியும் உண்டு. முதலாண்டில் வகுப்பார் மட்டுமே காணும் மூடிய பக்கத்தில் எழுதட்டும். இரண்டாமாண்டில் பள்ளி முழுவதும் காணட்டும். பிழை குறைந்து, ஆதாரம் நிறைந்த பின்னரே பொதுக் களஞ்சியத்திற்குச் செல்லட்டும். பிழையை மறைத்துவைப்பதால் பிழை நீங்குவதில்லை. பலர் கண்ணில் படும் பிழையே விரைவில் திருந்தும்.

மூன்றாம் தடை, ஒருவன் எழுத ஒன்பது பேர் பெயர் வாங்கிக்கொள்வர் என்பது. தாளில் செய்த குழுப்பணிக்கு இக்குற்றச்சாட்டு முற்றும் பொருந்தும். கூட்டுத் தளத்திற்குப் பொருந்தாது. எவன் எத்தனை வரி எழுதினான், எவன் மற்றவன் பிழையைத் திருத்தினான் என்பது வரலாற்றுப் பக்கத்தில் மறையாமல் நிற்கிறது.

இதனோடு சேர்ந்ததே செயற்கை நுண்ணறிவு பற்றிய கவலையும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் சேட்ஜிபிடி வெளிவந்தது முதல், கேட்ட தலைப்பில் கட்டுரை எழுதித் தரும் பொறி எவர் கைக்கும் எட்டிவிட்டது. வீட்டிலிருந்து முழுமையாக வந்து சேரும் கட்டுரை, பிள்ளை எழுதியதா, பொறி எழுதியதா என்று எந்த ஆசிரியராலும் உறுதியாகக் கூறல் அரிது. பயிற்சிப் புத்தக முறை இங்கேதான் தோற்று நிற்கிறது. ஏனெனில் அது முடிவை மட்டுமே கேட்கிறது. கூட்டுப் பக்கமோ வழியைக் கேட்கிறது. இன்று இரண்டு வரி, நாளை ஒரு திருத்தம், மறுநாள் ஒரு வினா என வளரும் எழுத்து, வளர்ந்த தடத்தைத் தானே காட்டும். ஒரே நொடியில் நானூறு சொற்கள் வந்து விழுந்தால் அதனையும் காட்டும். தன் பாட்டி எந்தத் தோட்டத்தில் எந்த வயதில் பால்மரம் வெட்டினார் என்பதை எந்தப் பொறியும் பிள்ளைக்குச் சொல்லித்தர இயலாது.

நான்காம் தடை, வசதியின்மை. உட்புறப் பள்ளிகளில் இணைப்புத் தடைப்படுவதும், ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி இருப்பதும் உண்மை. கூடி எழுதும் பணிக்கு ஆளுக்கொரு கருவி தேவையில்லை. குழுவுக்கு ஒரு தாள், வகுப்புக்கு ஒரு கணினி போதும். தாளில் எழுதியதைக் குழுவின் சார்பில் ஒருவர் முறைவைத்து ஏற்றலாம். வசதியின்மையைக் காட்டி மேலிடத்தில் முறையிடுவது ஆசிரியர் உரிமை. அதனையே காட்டிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பது உரிமையாகாது.

எச்சரிக்கை இரண்டு

கூட்டுத் தளத்தை வரவேற்போரும் கண்மூடி வரவேற்றல் கூடாது. 2005ஆம் ஆண்டில் தோன்றிய விக்கிஸ்பேசஸ் என்னும் தளம், ஆசிரியருக்கு இலவசமாக வகுப்புப் பக்கங்கள் தந்து உலகெங்கும் புகழ்பெற்றது. 2018ஆம் ஆண்டில் அந்த இலவசப் பக்கங்கள் மூடப்பட்டன. படி எடுத்து வைக்காதவர் பல்லாண்டு உழைப்பை இழந்தனர். ஆகவே எத்தளத்தில் எழுதினாலும், பருவந்தோறும் ஒரு படியைப் பள்ளியில் சேமித்துவைத்தல் வேண்டும். அச்சிட்டு நூலகத்தில் வைத்தால் இன்னும் நன்று.

இரண்டாவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. பொதுவிடத்தில் எழுதும் பிள்ளை தன் முழுப்பெயரையோ, படத்தையோ, வீட்டு முகவரியையோ வெளியிடாதிருக்கக் காத்தல் ஆசிரியரின் முதற்கடமை. புனைபெயரில் எழுதுவது தமிழ் எழுத்துலகிற்குப் புதிதன்று. பிள்ளை தனக்கென ஒரு புனைபெயரைச் சூட்டிக்கொள்ளட்டும். அதுவும் ஒரு மகிழ்ச்சியே.

பயிற்சி எவ்வாறு அமைதல் வேண்டும்?

முதலாவதாக, ஒருநாள் மண்டபப் பயிற்சியை நிறுத்திவிட்டு, ஒரு பருவம் முழுவதும் நீளும் எழுத்துப் பயிற்சியை அமைத்தல் வேண்டும். அருகருகேயுள்ள ஐந்தாறு பள்ளிகளின் தமிழாசிரியர்கள் ஒரு குழுவாகி, தத்தம் பள்ளி வரலாற்றை ஒரே பக்கத்தில் எழுதட்டும். 1816ஆம் ஆண்டில் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வியின் இருநூறாண்டு நிறைவை 2016ஆம் ஆண்டில் மலேசியத் தமிழர் பெருமையுடன் கொண்டாடினர். விழா முடிந்தது, மாலைகள் வாடின. இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் எத்தனைக்கு ஆதாரத்தோடு எழுதப்பட்ட வரலாறு உண்டு? எந்தத் தோட்டத்தில் எந்தக் கொட்டகையில் தொடங்கியது, எத்தனை முறை இடம் மாறியது, எவர் நிலம் கொடுத்தார் என்பவை முதியவர் நினைவில் மட்டுமே உள்ளன. முதியவர் மறையும்போது அவையும் மறையும். இதனை ஆசிரியர் எழுதவில்லையெனில் வேறு எவர் எழுதுவார்?

இரண்டாவதாக, அப்பயிற்சியில் ஆசிரியர் திருத்தப்படுதல் வேண்டும். பிறர் எழுத்தைத் திருத்தியே பழகிய கைகளுக்கு, தம் எழுத்து இன்னொருவரால் வெட்டப்படும்போது எழும் சினத்தை ஒருமுறையேனும் உணர்ந்து கடத்தல் தேவை. அச்சினத்தைக் கடந்தவரே, திருத்தப்படும் பிள்ளையின் உள்ளத்தை அறிவார். தலைமையாசிரியரின் சொற்றொடரை நேற்றுப் பணியில் சேர்ந்த ஆசிரியை திருத்துவார். காரணம் சரியாயின் தலைமையாசிரியர் ஏற்பார். பதவி பாராமல் ஆதாரம் பார்க்கும் இவ்வொழுக்கமே கூட்டுத் தளத்தின் உயிர்.

மூன்றாவதாக, அளவுகோல் மாறுதல் வேண்டும். எத்தனை பேர் நுழைந்தனர், எத்தனை சான்றிதழ் வழங்கப்பட்டது என்னும் கணக்குகளை ஒதுக்கிவிட்டு, பருவ முடிவில் படிக்கத்தக்க பக்கம் எத்தனை உருவாயிற்று என்று கேட்டல் வேண்டும். பத்தே பக்கமாயினும் ஆதாரத்தோடு அமைந்தால், பத்தாயிரம் நுழைவுகளினும் அது மேலானது.

எழுத்தாளர் அமைப்புகளுக்கும் இதில் பங்குண்டு. சிறுகதைப் போட்டி நடத்திப் பரிசு வழங்குவதோடு அவற்றின் பணி முடிந்துவிடுவதில்லை. அன்று கதை வகுப்பு நடத்திய இருவரும் வாசகர் எழுத்தைப் பொறுமையோடு ஆராய்ந்தனர். இன்று பள்ளிக்கொரு எழுத்தாளர் முன்வந்து, மாதம் ஒருமுறை மாணவர் பக்கத்தைப் படித்து, உரையாடல் பக்கத்தில் நான்கு வரி எழுதினால், அதுவே இக்காலத்துக் கதை வகுப்பாகும்.

கல்வியை ஏட்டுச் சுரைக்காய் என்று பழிப்போர் என்றும் உண்டு. ஏடு பலர் கைபட்டு வளரும் ஏடானால், அச்சுரைக்காய் கறிக்கும் உதவும். மங்கு என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பாட்டியிடம் ஓடிய பிள்ளை, அச்சொல்லைத் தன் பேரனுக்கும் சொல்லும். பயிற்சிப் புத்தகத்தில் எழுதி எடைக்குப் போட்ட சொல்லுக்கு அந்த வாழ்வு இல்லை. வரும் பருவத்தில் ஒரு பள்ளியில், ஓர் ஆசிரியர், ஒரு பக்கத்தைத் திறந்து முதல் வரியை எழுதட்டும். அவ்வரியைத் திருத்துவதற்கு அடுத்த பள்ளியிலிருந்து மற்றோர் ஆசிரியர் வரட்டும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர், அவர்கள் பின்தொடர்வார்கள்.